அம்மாவோட விரல் வீக்கமும் சொரியாசிஸும், இந்த தடவை ஊர்ல பார்த்தது

மெல்பர்ன்ல இருந்து 2 வருஷம் கழிச்சு போன மாசம் மானாமதுரை போனேன், இறங்குன அன்னிக்கே அம்மா கைய பார்த்து பதறிட்டேன், மோதிர விரல் அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே சீரா வீங்கி கெடக்கு, சோப்பு போட்டு தான் மோதிரத்த கழட்ட முடிஞ்சுது. அம்மாக்கு 15 வருஷமா முழங்கைலயும் தலைலயும் சொரியாசிஸ், தோல் தடிச்சு செதில் செதிலா உரியுற வியாதி. மெடிக்கல்ல பழைய ட்யூப காட்டினா டாக்டர் சீட்டு கேக்காமயே அதே ஸ்டீராய்டு க்ரீம குடுத்துடுறாங்க, இத்தனை வருஷ வைத்தியம் அவ்ளோ தான்.

மொதல்ல பார்த்த எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டு வயசானா தேயத்தான் செய்யும்னு வலி மாத்திரை எழுதினார். தோல பத்தி அவர் கேக்கல, நாங்களும் சொல்லல.

அப்புறம் மதுரைல ஒரு கவர்மென்ட் ஆஸ்பத்திரி தோல் ஓபிக்கு போனோம். டாக்டரம்மா முழங்கைய பார்த்ததும் "நகத்த காட்டுங்கம்மா"ன்னாங்க. வெளிச்சத்துல திருப்பினா நகத்து மேல குண்டூசியால குத்துன மாதிரி குழி குழியா இருக்கு, நான் இத்தனை வருஷம் கவனிச்சதே இல்ல. "காலைல எந்திரிச்சா கை மடங்க எவ்ளோ நேரம் ஆகுது?" "காபி போட்டு, வாசல் தெளிச்சு முடிக்கிற வரைக்கும் விறைப்பா தான்மா இருக்கும், ஒரு மணி நேரம் ஆயிடும்."

தோலுக்கும் மூட்டுக்கும் வேற வேற வியாதி இல்லையாம். உடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம மேல திரும்பி தோல்ல செதிலா வருது, அதே அழற்சி மூட்டுல போய் உக்காந்தா சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ். சொரியாசிஸ் இருக்க 100 பேர்ல 30 பேர் வரைக்கும் இது வரலாம், அதுவும் நிறைய பேருக்கு தோல்ல வந்து பல வருஷம் கழிச்சு தான் வரும், விட்டுட்டா மூட்டு அரிச்சு விரல் கோணிடும். முடக்குவாத ரத்த டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தாலும் நிம்மதியா இருந்துடாதீங்க, இதுல பெரும்பாலும் அப்படித்தான் வரும். மாரடைப்பு, சுகர், கொழுப்பு கல்லீரலும் இவங்களுக்கு அதிகம்னு பிபி, கொலஸ்ட்ரால், லிவர் எல்லாம் பார்த்தாங்க, சுகர் மட்டும் எல்லைல நிக்குது. வீட்டுல யாருக்காவது சொரியாசிஸ் இருந்தா தயவு செஞ்சு நகத்துல குழி, விரல் வீக்கம், குதிகால் வலின்னு இந்த மூட்டு வியாதியோட அறிகுறி மூணையும் கேட்டு பாருங்க.

அன்னிக்கே மூட்டுவாத பிரிவுக்கு அனுப்பி, அந்த எதிர்ப்பு சக்திய அடக்குற மெத்தோட்ரெக்சேட் மருந்த ஆரம்பிச்சாங்க. வாரத்துக்கு ஒரே நாள் தான், தெரியாம தினமும் போட்டா உயிருக்கே ஆபத்துன்னு மருந்து குடுக்குற அண்ணன் கவர் மேல "ஞாயிறு மட்டும்"னு பெருசா எழுதி, அம்மாவ ரெண்டு தடவை வாய்விட்டு வாசிக்க சொன்னார். கூட குடுத்த ஃபோலிக் ஆசிட்ங்கிற விட்டமின் மாத்திரை வேற நாள்ல. கிளம்புற அன்னிக்கு காலண்டர்ல ஞாயிறுக்கெல்லாம் சிவப்புல வட்டம் போட்டு, அடுத்த ரத்த டெஸ்ட் தேதிய பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்.