எப்காம் ஆன்டிபாடியோடு ஒன்பது வருஷம்

ஒன்பது வருஷமாக ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் கருவி) எப்காம் (சிடி326) என்ற செல்மேல் புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பி.இ. என்ற ஒளிரும் சாயம் ஒட்டியது. குடல், மார்பகம் மாதிரி சுரப்பித் திசுச் செல்களைப் பிரித்தெடுக்க இதற்கு நிகராக வேறொன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்லில் போட்டால் வரைபடத்தில் சிகரம் அப்படியே பிரகாசமான வலப்பக்கம் போய் நிற்கும், ரத்த செல்கள் அசையாமல் இடப்பக்கம் கிடக்கும்.

முதல் வருஷம் எம்டிஏ-எம்பி-231 என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய் செல்லில் சிக்னல் வரவே இல்லை என்று, விற்றவரிடம் குப்பி கெட்டுவிட்டது என்று சண்டை போட்டேன். தப்பு என் மேல்தான். அந்தச் செல்கள் எபிதீலியல் (உறுப்புகளை விரிக்கும் படலச் செல்லுக்குரிய) குணத்தைப் பாதி தொலைத்தவை, எப்காம் அவற்றில் சொற்பம். ரத்தத்தில் அலையும் புற்றுநோய் செல்களை எப்காம் காந்தத் துகளால் பிடிக்கும்போதும் இதே கதைதான், குணம் மாறியவை நழுவிவிடும். சாதாரணக் குடல் செல்லிலும் எப்காம் நிறைய இருப்பதால், இருக்கிறது என்பதற்காகக் கட்டி என்றும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு தலைவலி பெயர்கள். 17-1ஏ, ஜிஏ733-2, டிராப்1, எம்4எஸ்1, எல்லாம் ஒரே ஆள்! பழைய கட்டுரை படிப்பவர்கள் எம்4எஸ்1-இல் உள்ள 4-ஐ நம்பிவிடாதீர்கள். ஆரம்பத்தில் இந்த ஜீன் 4-ஆவது குரோமோசோமில் இருப்பதாகக் கருதி வைத்த பெயர் அது. 2001-இல் குரோமோசோம் மேலேயே டிஎன்ஏ துண்டை ஒட்ட வைத்துப் பார்த்தபோது இருப்பது 2பி21 (2-ஆவது குரோமோசோமின் குட்டைக் கையில் ஓர் இடம்) என்று தெரிந்தது. தம்பி முறையான டிராப்2-க்கு இந்தக் குழப்பம் இல்லை, எம்1எஸ்1 என்ற பெயர்ப்படியே 1-ஆவது குரோமோசோமில்தான் இருக்கிறது. விலாசத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன், ஆனால் 2பி21-இல் பக்கத்து வீடு எம்எஸ்எச்2, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் ஜீன். எப்காமின் வால் பகுதி அறுந்து போனால் எம்எஸ்எச்2 வாயடைத்துப்போய் லிஞ்ச் நோய்க்குறி (குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை நிலை) வரும் என்பது 2009-இல் தெரியவந்தது, அந்தக் குடும்பங்களில் எம்எஸ்எச்2-இல் மட்டும் தேடியிருந்தால் ஒன்றும் சிக்கியிருக்காது.

அப்புறம் ஒரு விஷயம், பி.இ. ஒட்டிய குப்பியை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் நல்லெண்ணத்தில் மைனஸ் இருபதில் வைத்துவிட்டான், மறுநாள் எம்சிஎஃப்-7 கூட மங்கலாகத்தான் தெரிந்தது. இப்போது குப்பி மேலேயே பெரிய எழுத்தில் 'குளிர்பெட்டி மட்டும்' என்று எழுதி வைத்திருக்கிறோம்.