வளவில் மாட்டக் காகிதப்பூ: கிரேப்பா, டிஷ்யூவா?

நவராத்திரிக்கு வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், மாட்டக் காகிதப்பூ செய்யலாம் என்று முடிவானதும் கடைக்காரர் மூன்று விதத் தாளை எடுத்துப் போட்டார்: சுருக்கம் சுருக்கமாக, இழுத்தால் நீளும் கிரேப் பேப்பர், மெல்லிய டிஷ்யூ பேப்பர், பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கலர் பேப்பர். நான் எடுத்தது கிரேப். யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

கலர் பேப்பர் மலிவு, மடித்த மடிப்பு நிற்கும், பிள்ளைகள் பழக நல்லது. ஆனால் ஒரு பக்கமாகத்தான் வளையும், குழியாது. ரோஜா செய்தாலும் சுருட்டிய தாளாகவே தெரியும்.

டிஷ்யூவின் பலம் வேகம். எட்டுப் பத்துத் தாளை அடுக்கி, விசிறியாக மடித்து, நடுவில் நூலால் இறுக்கி, ஓரத்தை வளைவாக வெட்டி, ஒவ்வொரு தாளாக மேலே இழுத்துவிட்டால் பெரிய பந்துப்பூ தயார். கல்யாணத்துக்கு முதல்நாள் ராத்திரி உட்கார்ந்தால் முகப்பு முழுக்கக் கட்டிவிடலாம். ஒருநாள் விசேஷத்துக்கு அதுவே போதும்.

கிரேப்பில் வேலை மெல்லத்தான் நடக்கும். சுருக்கம் இதழின் நீளவாக்கில் ஓடும்படி வெட்ட வேண்டும். தாள் அதற்குக் குறுக்கேதான் இழுபடும். இதழின் நடுவில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து மெதுவாக விலக்கினால், அந்த இடம் மட்டும் குழிந்து தாமரை இதழாகிவிடும். ஓரத்தை இழுத்தால் அலை அலையாக வரும். அடியைக் கட்டுக்கம்பியில் வைத்துப் பூக்காம்புக்கென்றே விற்கும் பச்சை டேப்பை இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். இழுத்தால்தான் அதில் பசை பிடிக்கும். சிவப்புத் தாளை ஈரக்கையால் தொடாதீர்கள். சாயம் விரலில் ஏறும், அப்புறம் வெள்ளை இதழிலும்.

எனக்கு விஷயத்தைத் தீர்மானித்தது புழுதி. நம் செட்டிநாட்டு வீடுகளில் வளவு வானம் பார்த்துத் திறந்து கிடக்கிறது. தூணில் எதை மாட்டினாலும் வெயில், புழுதி, ஐப்பசி மழை ஈரம் மூன்றும் வந்து சேரும். டிஷ்யூ பந்தில் தாள்களின் இடுக்கில் புழுதி இறங்கிவிட்டால் வெளியே எடுக்க வழியில்லை. தட்டினால் கிழியும். சாரல் வேண்டாம், ஈரக்காற்றிலேயே துவண்டு தொங்கும். கிரேப் பூவில் இதழ்கள் குறைவு, தாளும் தடிமன். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் இதழின் அடியிலிருந்து வெளியே தள்ளினால் புழுதி வந்துவிடுகிறது. ஒருநாள் குருவி வந்து கொத்திப் பார்த்ததில் ஒரு பூ சாய்ந்தது. கம்பியை நிமிர்த்தினேன், சரியாகிவிட்டது. விசேஷம் முடிந்து அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தாலும் அடுத்த வருஷம் இதழை விரலால் நீவிவிட்டால் எழுந்துகொள்ளும். அமுங்கிய டிஷ்யூ பந்து எழுந்திருக்காது.

வெயிலில் வெளுப்பதில் மட்டும் கிரேப்பும் தப்பவில்லை. ரோஸ் நிறம் முதலில் போயிற்று. அதனால் நேர்வெயில் படும் தூணை விட்டுவிட்டு, வளவைச் சுற்றிக் கூரை போட்ட பத்திக்குள் மாட்டுகிறேன்.

இத்தாலியில் செய்யும், ‘180 கிராம்’ என்று விற்கும் கனமான கிரேப்பும் ஆன்லைனில் கிடைக்கிறது. பெரிய இதழுக்கு அருமை. பழகும்போதே அதை வாங்கினால் காசு கரையும். பூவின் மேல் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் ஈரம் தாங்கும் என்கிறார்கள். ஒரே ஒரு கொத்துக்கு அடித்திருக்கிறேன், நிறம் சற்று அழுத்தமானது. அந்தக் கொத்து இன்னும் ஒரு மழைக்காலத்தைக்கூடப் பார்க்கவில்லை என்பதால், அதை நம்பி வெளித்திண்ணையில் மாட்டச் சொல்லமாட்டேன்.