ரீல்ஸ், யூடியூப், வாட்ஸ்அப், மின்னஞ்சல்: தனி ஆளாக ஆன்லைன் தொழில் செய்பவருக்கு எது கைகொடுக்கும்?

திருப்பூர் காதர்பேட்டையில் டி-ஷர்ட் எடுத்து இணையத்தில் விற்பவர், சென்னிமலையில் சொந்தத் தறிப் போர்வைக்கு ஆன்லைன் கடை போட்டவர், ஈரோட்டில் மஞ்சள் அரைத்து பாக்கெட் போடுபவர், கோவை சரவணம்பட்டியில் ஒரே அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்பவர். இந்த நாலு பேர் கையிலும் இன்றைக்கு இருப்பது ஒரே ஏஐ கருவிகள்தான். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியாவுக்கென்றே மாதம் 399 ரூபாய்க்கு ஒரு திட்டம் விட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அதையும் ஒரு வருஷத்துக்கு இலவசம் என்றார்கள். ஏர்டெல் வைத்திருப்பவருக்கு பெர்ப்ளெக்சிட்டி, ஜியோ 5ஜி வைத்திருப்பவருக்கு ஜெமினி என்று ஆளாளுக்குக் கொடுத்தார்கள். கருவி வாங்கக் காசில்லை என்று யாரும் பின்தங்க வேண்டியதில்லை. பக்கத்துக் கடைக்காரருக்கும் அதே வசதி கிடைத்துவிட்டது என்பதுதான் இதில் இருக்கும் சங்கடம்.

அதனால் எந்த ஏஐ நல்லது என்பதைவிட, அது மிச்சப்படுத்திக் கொடுக்கும் நேரத்தை எங்கே போடுவது என்பதுதான் பெரிய கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குபவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் வாட்ஸ்அப் முதலில், யூடியூப் அடுத்து, ரீல்ஸ் கடைசி. வாங்குபவர் வெளிநாட்டுக்காரர் என்றால் மின்னஞ்சல். கூகுள் தேடலை நம்பி ஏஐயை விட்டு நூறு கட்டுரை எழுத வைப்பது யாருக்குமே வேண்டாம்.

முதலில் கருவிகளைப் பார்த்துவிடுவோம்

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மூன்றுமே இப்போது இலக்கணப் பிழை அதிகமில்லாத தமிழ் எழுதுகின்றன. முன்பு நிலைமை வேறு. இந்த மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கும். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பல மடங்கு துண்டுகள் ஆகும், அந்த அளவுக்குச் செலவும் ஏறும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், 116 டோக்கன் பிடித்த ஒரு தமிழ்ப் பகுதி 35 டோக்கனில் அடங்கியது. தமிழில் நீளமாகப் பேசி வேலை வாங்குவது அதன் பிறகுதான் கட்டுப்படியானது.

ஆனால் பிழையில்லாத தமிழ் வேறு, விற்கிற தமிழ் வேறு. ஒரு டி-ஷர்ட்டின் துணி விவரத்தை வைத்து "180 ஜிஎஸ்எம், சிங்கிள் ஜெர்சி, பயோ வாஷ், ரவுண்ட் நெக், இதற்கு நாலு வரி எழுது" என்று கேட்டுப் பாருங்கள். "உங்கள் தோற்றத்துக்கு மெருகூட்டும் உயர்தரப் பருத்தி ஆடை, நாள் முழுவதும் ஒப்பற்ற சொகுசு" என்கிற தினுசில் ஏதாவது வரும். டி-ஷர்ட் வாங்குகிறவர் கேட்பது மூன்றே கேள்வி: துவைத்தால் சுருங்குமா, சாயம் போகுமா, நாலு மாதத்தில் கழுத்து தொளதொளவென்று ஆகிவிடுமா? வாடிக்கையாளர்கள் உண்மையில் அனுப்பிய கேள்விகளை அப்படியே கொடுத்து, இவற்றுக்கு மட்டும் பதில் எழுது, பெருமை பேசாதே என்று சொன்னால் மூன்று கருவிகளுமே உருப்படியாக எழுதும். அங்கே கருவிக்குக் கருவி வித்தியாசம் குறைவு. கொடுக்கிற சரக்கில்தான் வித்தியாசம்.

கொங்குத் தமிழில் எழுதச் சொன்னால் இன்னும் வேடிக்கை. கண்ட இடத்திலெல்லாம் "ங்க" ஒட்டி, நடுவில் ரெண்டு "ஏனுங்க" செருகிக் கொடுக்கும். நம் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சினிமாவில் கோயமுத்தூர்க்காரராக நடிப்பவர்தான் பேசுவார். குரலில் இருந்து தொடங்குவது இதைவிட மேல். நீங்கள் வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரியே போனில் பேசிப் பதிவு செய்து, அதை எழுத்தாக்கச் சொல்லுங்கள். பெங்களூரு சர்வம் போன்ற நிறுவனங்கள் இந்திய மொழிப் பேச்சுக்கென்றே மாடல்கள் செய்கின்றன. ஆங்கிலம் கலந்த நம் பேச்சுக்கு அவற்றையும் ஒரு கை பார்க்கலாம். பிறகு திருத்துகிற வேலையை மட்டும் ஏஐயிடம் விட்டால், உங்கள் பேச்சு உங்கள் பேச்சாகவே இருக்கும்.

படத்தில்தான் உண்மையான ஆபத்து. பவானி ஜமக்காளத்தைத் தரையில் விரித்து போனில் எடுத்த படத்தை ஏஐயிடம் கொடுத்து, "நல்ல வீட்டுக் கூடத்தில் விரித்த மாதிரி மாற்று" என்றால் அழகாக மாற்றிவிடும். அப்புறம் பெரிதாக்கிப் பாருங்கள். நூலின் முரட்டுத்தனம் போய்ப் பட்டு மாதிரி வழவழப்பு வந்திருக்கும்; பச்சைப் பட்டை ஒன்று காணாமல் போயிருக்கும்; சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டவர் பார்சலைப் பிரித்ததும் திருப்பி அனுப்புவார். கேஷ் ஆன் டெலிவரியில் போக வர கூரியர் செலவு உங்கள் தலையில். பின்னணியை மட்டும் மாற்றுங்கள், பொருளைத் தொடவிடாதீர்கள். மாற்றாத ஒரிஜினல் படம் ஒன்றையும் பக்கத்திலேயே போடுங்கள்.

ரீல்ஸா, யூடியூபா?

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடையானது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸை முதன்முதலில் இங்கேதான் சோதித்துப் பார்த்தார்கள். அன்றைக்கு ஒரு குறுவீடியோ எடுக்க ஆள், எடிட்டிங், பாட்டு என்று அரை நாள் போகும். இன்றைக்கு ஏஐ ஸ்கிரிப்ட், ஏஐ குரல், ஏஐ சப்டைட்டில் எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். எல்லோருக்கும் அரை மணி நேரம் என்பதால் கூட்டம் பெருகிவிட்டது, ஒரு ரீலுக்குக் கிடைக்கிற கவனம் சுருங்கிவிட்டது.

ரீலில் லட்சம் பேர் பார்த்தாலும் அதில் யார் சேலத்துக்காரர், யார் வாங்கக்கூடியவர் என்று உங்களுக்குத் தெரியாது. நாளைக்குக் கணக்கு முடங்கினால் அந்த லட்சம் பேரைத் தேடிப் போக வழியே இல்லை. ரீல்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தூண்டில் முள். மீனைப் போட்டுவைக்கக் கூடை வேறு வேண்டும்.

யூடியூபின் நீள வீடியோவுக்குப் பொறுமை வேண்டும், ஆனால் ஆயுசு அதிகம். கோவை வெட் கிரைண்டருக்கு உதிரி பாகம் விற்கும் ஒருவர் "கிரைண்டரில் மாவு சூடாகிறதே, ஏன்?" என்று எட்டு நிமிஷம் கழற்றிக் காட்டி விளக்கினால், அந்தக் கேள்வி இருக்கும்வரை அந்த வீடியோவுக்கும் வேலை இருக்கும். யூடியூப் வருமானக் கணக்கைச் சிலர் பெரிதாக நினைக்கிறார்கள். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகளும் வேண்டும். பொருள் விற்பவருக்கு அந்த விளம்பரக் காசு டீச் செலவுக்குத்தான் ஆகும். அவருக்கு யூடியூபின் பயன், வீடியோவைப் பார்த்தவர் கீழே இருக்கும் வாட்ஸ்அப் எண்ணைத் தட்டுவதுதான்.

முகம் காட்டாமல் ஏஐ குரலை வைத்தே சேனல் ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், நான் பரிந்துரைக்க மாட்டேன். நிஜம் போலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2024 மார்ச்சிலேயே யூடியூப் விதி கொண்டுவந்தது. அச்சு வார்த்த மாதிரி மொத்தமாகத் தயாரிக்கும் வீடியோக்களுக்கு வருமானம் கிடையாது என்பதை 2025 ஜூலையில் இன்னும் தெளிவாக்கியது. அதைவிட முக்கியம், நம் பேச்சுக்கே ஒரு மதிப்பு இருக்கிறது. கோவையில் இருந்து வரும் நக்கலைட்ஸ் சேனல் கொங்குப் பேச்சை அப்படியே பேசித்தான் தமிழ்நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. அந்தக் குரலைக் கொண்டுபோய் ஏஐயின் வானொலித் தமிழுக்கு மாற்றிக்கொள்வானேன்?

வாட்ஸ்அப்

இங்கேதான் நிறையப் பேசவேண்டியிருக்கிறது. கொங்கு வட்டாரத்தில் சிறு வியாபாரத்தின் பாதி இதில்தான் நடக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் என்று ஒரே பெயரில் நாலு வழிகள் இருக்கின்றன. ஆளாளுக்கு ஒன்றை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். இதைக் குறை என்பார்கள். எனக்கு இதுதான் இருப்பதிலேயே நல்ல சல்லடை. எண்ணைச் சேமித்தவர் வாங்கும் எண்ணம் உள்ளவர். குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். காலை வணக்கமும் சாமி படமும் வந்து கொட்டும், உங்கள் புது டிசைன் அதற்கடியில் புதைந்துவிடும். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனலில் எத்தனை பேரும் சேரலாம். ஆனால் அவர்கள் எண் உங்களுக்குத் தெரியாது, அவர்களும் அங்கே பதில் எழுத முடியாது. ரீல்ஸின் அதே குறை வேறு உடுப்பில்.

நாலாவது, பெரிய அளவில் அனுப்புவதற்கான வணிகத் தளம். 2025 ஜூலை முதல், முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி அனுப்பும் டெம்ப்ளேட் செய்தி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். வாடிக்கையாளர் முதலில் எழுதினால், 24 மணி நேரத்துக்குள் நீங்கள் சாதாரணமாகப் பதில் சொல்வதற்குக் கட்டணம் இல்லை. இந்த விதியைப் புரிந்துகொண்டவர் வியாபாரத்தைத் தலைகீழாக அமைப்பார்: தான் போய்க் கதவைத் தட்டாமல், அவரை எழுத வைப்பார். பார்சலுக்குள் போடும் சீட்டில் "துவைப்பதில் சந்தேகமா? இந்த எண்ணில் கேளுங்கள்" என்று ஒரு வரி போதும்.

ஏஐ இங்கே உதவும் இடம் இதுதான். இரவு பத்தரைக்கு ஒரு செய்தி வருகிறது: "ஏனுங்கக்கா, இந்தப் போர்வைய மிஷின்ல போடலாங்களா?" காலையில் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அவர் வேறு கடைக்குப் போயிருப்பார். துவைப்பு, அளவு, அனுப்பும் நாள் பற்றிய கேள்விகளுக்கு உடனே பதில் சொல்ல ஏஐ பாட், அதாவது தானாகப் பதில் போடும் மென்பொருள், வைக்கலாம். விலை குறைக்கச் சொல்லிக் கேட்டாலோ, பொருள் கிழிந்து வந்திருக்கிறது என்றாலோ பாட் ஒதுங்கிவிட வேண்டும். "போடலாங்க கண்ணு, மொதத் தடவ மட்டும் தனியாப் போடுங்க, கொஞ்சம் சாயம் விடும்" என்று கடைக்கார அக்காவே பதில் போட்டால் கிடைக்கிற நம்பிக்கை எந்த ஏஐ பதிலுக்கும் வராது. எந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பாட் அமைப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஐயாயிரம் எண், பத்தாயிரம் எண் என்று விற்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். புகார் ஏறினால் வாட்ஸ்அப் கணக்கே போய்விடும். போதாததற்கு, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, அதன் விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. அது முழுதாக அமலுக்கு வரும்போது, ஒருவரின் எண்ணை வைத்திருக்கப் பொதுவாக அவர் சம்மதம் வேண்டும். அப்புறம், இதுவும் அடுத்தவன் இடம்தான். பொதுவான ஏஐ உதவியாளர்களுக்குத் தன் வணிகத் தளத்தில் இடமில்லை என்று 2025 அக்டோபரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டா அறிவித்தது; கடைக்காரர்கள் வைக்கும் ஏஐ பாட்களை அது தொடவில்லை, ஆனாலும் விதி எப்போது வேண்டுமானாலும் மாறலாம். வாங்கியவர் பெயர், எண், ஊர், என்ன வாங்கினார் என்பதைத் தனியே ஒரு ஷீட்டில் ஏற்றி வையுங்கள்.

தேடல்

சீக்கிரம் முடித்துவிடலாம். 2024 மார்ச்சில் கூகுள், மொத்தமாக உற்பத்தி செய்யும் கட்டுரைகளை ஸ்பேம் என்று வகைப்படுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏஐ சுருக்கங்கள் இந்தியத் தேடலுக்கும் வந்தன. பதில் மேலேயே கிடைத்துவிட்டால் யார் கீழே இறங்கி இணைப்பைத் தட்டப்போகிறார்கள்? பொருள், விலை, முகவரி, அடிக்கடி வரும் கேள்விகள், இவை உள்ள சுத்தமான தளம் ஒன்று போதும்.

மின்னஞ்சல்

ஈரோட்டு மஞ்சள் வாங்கும் குடும்பத்தலைவிக்கு நியூஸ்லெட்டர் அனுப்பிப் பிரயோஜனமில்லை. அவர் ஜிமெயிலைத் திறப்பது ஓடிபிக்காக. ஆனால் சரவணம்பட்டி மென்பொருள்காரருக்குக் கதை வேறு. அவருடைய வாடிக்கையாளர் நாள் முழுக்க மெயிலில்தான் வாழ்கிறார், தெரியாத எண்ணில் இருந்து வாட்ஸ்அப் வந்தால் எரிச்சல்படுவார்.

கோயமுத்தூருக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு கோவை.கோ என்ற மென்பொருள் நிறுவனம். சரவணகுமார் 2011-இல் தொடங்கியபோது அவர் முன்வைத்தது பிஸ்டாக்360 என்ற ஒரு பொருள். நிறுவனங்களின் வெவ்வேறு மென்பொருள்களை இணைக்கும் மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் சர்வரைப் பராமரிப்பவர்களுக்கு மட்டும் தேவைப்படுவது. உலகம் முழுக்கத் தேடினாலும் அந்த வேலையில் இருப்பவர்கள் சின்னக் கூட்டம்தான். அந்தக் கூட்டத்துக்கென்றே மாநாடு நடத்தி, அவர்களோடு ஊறி, வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்தார்கள். அந்த மாதிரித் தொழிலுக்கு ஒரு லட்சம் பேர் பார்க்கும் ரீல் எதற்கு? சரியான ஐந்நூறு பேரின் மெயில் முகவரி பெரிய சொத்து.

ஏஐயை இங்கே எழுத விடுவதைவிடப் படிக்க விடலாம். பயனர்கள் அனுப்பிய ஒரு வருஷத்துக் கேள்விகளை மொத்தமாகக் கொடுத்து, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தொகுக்கச் சொல்லுங்கள். பெயர், முகவரியை எடுத்துவிட்டுக் கொடுப்பது முக்கியம். அடுத்த பத்துக் கடிதத்துக்கான சரக்கு அதில் கிடைத்துவிடும். கடிதத்தை நீங்களே எழுதுங்கள்.

அனுப்பும் தளத்தில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவருக்கு 2024 பிப்ரவரி முதல், மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம், ஒரே தட்டில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது. உங்கள் பட்டியல் ஐந்நூறாக இருந்தாலும் முதல் நாளே இவற்றைச் சரிசெய்து வைப்பது புத்திசாலித்தனம். இரண்டாவது, காசு வாங்கும் வழி. சப்ஸ்டாக் என்ற நியூஸ்லெட்டர் தளத்தில் தொடங்குவது எளிது. கட்டணச் சந்தாவில் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், பணம் ஸ்ட்ரைப் என்ற பேமெண்ட் நிறுவனம் வழியாக வரும். அந்த ஸ்ட்ரைப் 2024 மே முதல் இந்தியாவில் புதிய கணக்குகளை அழைப்பின் பேரில்தான் சேர்க்கிறது. அதே மாதிரித் தளமான பீஹைவ் சந்தாவில் பங்கு கேட்பதில்லை, மாதக் கட்டணம் வாங்குகிறது. பணம் வாங்க அங்கேயும் ஸ்ட்ரைப்தான். தமிழ் வாசகரிடம் மாதம் 99 ரூபாய் வாங்க நினைப்பவர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, இந்தியப் பேமெண்ட் கேட்வே ஒன்றில் யுபிஐ ஆட்டோபே வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவை பின் போட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான மாதாந்திரத் தொகைக்கு வாசகர் மறுபடி பின் போட வேண்டியதில்லை.