டிக் டிக் என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்: வீடா, திருமலைக் கடையா, கொழும்பா?

நவராத்திரி முடிந்த கிழமை உப்புவெளியில் அக்காவின் லப்டொப் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. திரும்பப் போட்டால் கறுப்புத் திரை. மின்விசிறியை நிறுத்திவிட்டு லப்டொப்பின் அடியில் காதை வைத்தேன். டிக், டிக், டிக் என்று ஏழெட்டுத் தடவை கேட்டது, பிறகு மோட்டார் ஓய்ந்துவிட்டது. உள்ளே 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்காக அக்கா பத்து வருடமாகத் தட்டச்சு செய்த வினாத்தாள்கள், நவராத்திரிக் கும்ப விழா வீடியோக்கள், அம்மம்மாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் எல்லாம் அதில்தான். வேறெங்கும் கொப்பி இல்லை.

"தம்பி, முதல்ல இஞ்ச கடையில குடுத்துப் பாப்பம். சரிவராட்டிக் கொழும்புக்குக் கொண்டுபோவம்" என்றா அக்கா. திருமலையில் (திருகோணமலையில்) எல்லோரும் போகிற ஒழுங்கு அதுதான்: முதலில் வீட்டில் ஏதாவது மென்பொருள், பிறகு கடை, கடைசியில் கொழும்பில் தரவு மீட்கும் ஆய்வுகூடம். குறைந்த செலவிலிருந்து கூடிய செலவுக்கு. டிஸ்க் சத்தம் போடாமல் இருந்தால் அந்த ஒழுங்கில் பிழையில்லை. சத்தம் போட்டால் அது தலைகீழாக மாறவேண்டும்.

காரணம் இதுதான். லப்டொப் டிஸ்க்குக்குள் தரவு எழுதப்பட்டிருக்கும் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கின்றன. படிக்கும் தலை அவற்றுக்குச் சில நானோமீற்றர் மேலே காற்றில் மிதக்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பே பல்லாயிரம் நானோமீற்றர். தலை பழுதாகி டிக் டிக் என்று தடுமாறும்போது கரண்ட் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது தட்டைச் சுரண்டக்கூடும். சுரண்டுப்பட்ட இடத்தில் இருந்த தரவு தூளாகப் போய்விடும், எந்த ஆய்வுகூடத்தாலும் அதை எடுக்க முடியாது.

வீட்டு வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு முன் என்னுடைய 500 ஜிகாபைட் டிஸ்க்கை வீட்டில்தான் மீட்டேன். அதில் சத்தம் இல்லை, மந்தம் மட்டும்தான். ஒரு போல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்காகும். பிறகு விண்டோஸ் "போர்மட் செய்யவா?" என்று கேட்கத் தொடங்கியது. டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆம் எண்ணுக்கு எதிரே பூச்சியம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எண் ஏறிக்கொண்டே போனது. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின், அதாவது தரவு எழுதப்படும் சிறு துண்டுகளின், கணக்கு அது. இப்படியான டிஸ்க்குக்கு, பழுதான டிஸ்க்கை முழுசாகக் கொப்பி எடுக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை விட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. இலவசம், லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும். பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு வேறொரு கணினியைத் தொடங்கி, பழுதான டிஸ்க்கை முடிந்தால் கணினிக்குள் டிஸ்க்கை மாட்டும் சாட்டா கேபிளால் நேரடியாகவே இணையுங்கள். யூஎஸ்பி அடப்டர் பழுதான செக்டர்களில் அடிக்கடி தொங்கிவிடும். கொப்பி போய்ச் சேரும் டிஸ்க் அதே அளவு அல்லது பெரியதாக இருக்கவேண்டும்.

டிடிரெஸ்க்யூ முதலில் சுலபமாகப் படிக்கக்கூடிய பகுதிகளை அள்ளிக்கொள்ளும். சிக்கலான இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதை மெப் பைல் என்ற சிறு பைலில் எழுதி வைத்துக்கொள்ளும். எனக்கு நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. திரும்ப வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மேசை விசிறியை டிஸ்க்குக்கு நேரே திருப்பி வைத்து இரண்டு நாள் ஓடவிட்டேன். ஒன்றில் மட்டும் கவனம்: எது மூலம், எது கொப்பி என்பதை மாற்றிக் கொடுத்தால் எல்லாம் அழிந்துபோகும். கட்டளையை அழுத்துமுன் டிஸ்க்கின் அளவையும் பெயரையும் இரண்டு தடவை பாருங்கள்.

மீட்கும் வேலையெல்லாம் அதற்குப் பிறகு, கொப்பியில்தான். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பிரிவு அட்டவணை கெட்டிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள். அதுவும் கைவிட்டால் போட்டோரெக். ஆனால் போட்டோரெக் பைல் பெயரையும் போல்டரையும் தராது, ஆயிரக்கணக்கான படங்களை எண் போட்டுக் குவித்துவிடும். ரெக்கூவா போன்ற மென்பொருள்கள் நல்ல டிஸ்க்கில் தவறுதலாக அழித்த பைலுக்கு உரியவை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் விண்டோஸின் திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டவே கூடாது, அது டிஸ்க்கில் எழுதும்.

திருமலைக் கடைகளின் பலம் வேறு. பழுது டிஸ்க்கிலா லப்டொப்பிலா என்று அவர்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். மதர்போர்ட் போனதை டிஸ்க் போனதாக நினைத்துப் பதறி வருபவர்கள் ஏராளம். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் எல்லாப் பைலும் அப்படியே இருக்கும், அதற்கு ஏன் கொழும்பு? நகரத்தில் ஒரு கடையில் நான் பக்கத்தில் நின்று பார்த்தது இது. நட்சத்திரத் தலைத் திருகாணிகளைக் கழற்றி, டிஸ்க்கின் வெளியே இருக்கும் பச்சை மின்சுற்றுப் பலகையைக் கடைத் தம்பி திருப்பினார். உள்ளே இருக்கும் தலைகளோடு தொடுகிற சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் கறுத்துப்போயிருந்தன. எங்கள் கடற்கரைக் காற்று உலோகத்தை விடாது. பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, பலகையைத் திரும்பப் பூட்டினார். டிஸ்க் உயிர் பெற்றது. அந்தக் கைப்பழக்கத்துக்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனால் வேறொரு கடையில், டிக் டிக் சத்தத்தோடு கொடுத்த என் நண்பரின் டிஸ்க்கில் இரவு முழுக்க ஸ்கேன் மென்பொருளை ஓடவிட்டார்கள். விடிந்தபோது சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு கொழும்பில் திறந்து பார்த்தபோது தட்டில் வட்டமாக ஒரு கோடு. அந்த ஓர் இரவுதான் அவருடைய திருமணப் படங்களைக் கொண்டுபோனது. ஆகவே கடைக்காரரிடம் கேட்கவேண்டியது ஒன்றே: "இதுல என்ன செய்யப் போறீங்க?" முதலில் முழுக் கொப்பி எடுப்பேன் என்பவரிடமும், இதைத் தொட மாட்டேன் என்பவரிடமும் நம்பி நிற்கலாம். மூடியைத் திறந்து பார்ப்பேன் என்றால் டிஸ்க்கைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். டிஸ்க்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்பவரையும் கேட்க வேண்டாம். எங்கள் ஊர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்த உடனே தட்டில் நீர் படியும்.

கொழும்பு என்றால் செலவு, அலைச்சல், காத்திருப்பு. மறைப்பதற்கில்லை. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அங்கே தூசி வடிகட்டிய காற்றின் கீழ் டிஸ்க்கைத் திறந்து, அதே மொடல் டிஸ்க் ஒன்றிலிருந்து தலைகளை எடுத்து மாற்றுவார்கள். அந்தத் தானம் கொடுக்கும் டிஸ்க்கைத் தேடிப் பிடிப்பதில்தான் நாள் போகும். அதற்குரிய பணம், தரவு கிடைக்காவிட்டாலும் கேட்கப்படலாம். முதலிலேயே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பலகையை மட்டும் மாற்றினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் தனியான அளவீடுகள் பலகையில் உள்ள சிப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றையும் புதிய பலகைக்குக் கொண்டுபோகாமல் பூட்டினால் பெரும்பாலும் வேலை செய்யாது.

அக்காவின் டிஸ்க்கை நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, துவாயால் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனோம். நான்கு தலைகளில் ஒன்று முற்றாகச் செத்திருந்தது. மற்ற மூன்றால் படிக்கக்கூடியதை முதலில் எடுக்கிறோம் என்றார்கள். தரவு எல்லாத் தலைகளுக்கும் பகிர்ந்து எழுதப்படுவதால், அப்படி எடுக்கும்போது சின்னப் பைல்கள் முழுசாக வரும், பெரிய வீடியோக்களில் ஓட்டை விழும். "எந்த போல்டர் முக்கியம்?" என்று அவர்கள் கேட்டதும் அக்கா யோசிக்கவேயில்லை, அம்மம்மாவின் பெயரைச் சொன்னா.

உங்கள் லப்டொப்பில் இருப்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. அது சத்தம் போடாது, முன்னறிவிப்பும் குறைவு. அழித்த பைலை ட்ரிம் வசதி துடைத்துவிட்டால் மீட்பு மென்பொருளால் பயனில்லை. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் தரவு பிட்லொக்கர் என்ற வசதியால் பூட்டப்பட்டு வருகிறது. 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது இல்லாவிட்டால் எந்த ஆய்வுகூடம் எடுத்துத் தந்தாலும் திறக்க முடியாது.

மூன்று கிழமைக்குப் பிறகு புதிய டிஸ்க் ஒன்றில் தரவு வந்தது. வினாத்தாள்கள் ஏறக்குறைய எல்லாம் இருந்தன. கும்ப விழா வீடியோக்கள் பாதியில் உடைந்தன. அம்மம்மா முற்றத்தில் நெல் புடைக்கும் படம் முழுசாக வந்தது. அக்கா அன்றே அதை இரண்டு இடத்தில் கொப்பி பண்ணி வைத்தா.