மஞ்சளாகும் புதுச் சாடி றோசா: பசளையா, மருந்தா, நீரா?

மலைநாட்டுக் குளிரில் வளர்ந்த றோசாக் கன்றொன்றைக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கொண்டுவந்து பெரிய சாடிக்கு மாற்றினால், முதல் இரண்டு மூன்று வாரங்களில் அது சில இலைகளை உதிர்ப்பது இயல்பே. அதனை நோயென்று எண்ணி உடனே பசளை இடுவதுதான் பலர் செய்யும் முதற் தவறு. அறுபட்ட வேர் ஆறுமுன் இடப்படும் யூரியாவும் மக்காத சாணமும் அதனை எரித்துவிடும்.

பசளையை ஒதுக்கிவிட்டு, எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்க வேண்டும். அடி இலைகள் மஞ்சளாகி, இரண்டு அங்குல ஆழத்திலும் மண் சேறாயிருந்தால் நீர் மிகுந்துவிட்டது. ஊற்றுவதைக் குறைத்து, சாடியின் அடித்துளை அடைபட்டுள்ளதா என்று பார்த்தாற் போதும். மாறாக, நரம்புகள் பச்சையாயிருக்கத் தளிர் இலைகள் வெளிறினால் அது இரும்புக் குறை. கேத்திலில் வெண்படலம் படியச் செய்யும் நம் கிணற்று நீரின் சுண்ணாம்பு, சாடி மண்ணின் காரத்தன்மையை உயர்த்துவதால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதனை எடுக்க முடிவதில்லை. இதற்கு இரும்புச்சத்துக் கரைசலை இலைகளில் தெளிப்பது விரைவான வழி. ஆனால் அதே கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் அடுத்த தளிரும் வெளிறியே வரும். மாரியில் கூரைநீரைப் பீப்பாயில் சேமித்து ஊற்றுவது மெதுவாகவே பலன் தந்தாலும், இரண்டு மூன்று சாடிகள் உள்ளவருக்கு அதையே நான் பரிந்துரைப்பேன்.

மருந்து தெளிப்பதில் பருவமே தீர்ப்புச் சொல்கிறது. கச்சான் வீசும் கோடையில் இலையின் மேற்புறம் ஊசிமுனைப் புள்ளிகளாக வெளிறி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அது சிற்றுண்ணியின் வேலை. வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டினால் நகரும் துகள்களைக் காணலாம். அது எட்டுக் கால்கொண்ட, பூச்சியல்லாத உயிர் என்பதால், பூச்சிகொல்லிகள் பல அதனை விட்டுவிட்டு அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளையே கொல்கின்றன. இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை காலையில் இலையடியில் நீரை விசையாகப் பீய்ச்சுவது செலவற்றது. அடங்காவிடின், ஒரு லீற்றர் நீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயைச் சில துளி சவர்க்காரக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். கந்தகம் சிற்றுண்ணிக்கும் பூஞ்சணத்துக்கும் பயன்படுமெனினும், 32 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் இலையைக் கருக்குவதால், வன்னிக் கோடைக்கு அது உதவாது.

மாரியிலோ கோடையின் மருந்தான நீரே பகையாகிவிடும். விளிம்பு சிதைந்த கரும்புள்ளிகளை உண்டாக்கும் பூஞ்சணம், இலை ஏறத்தாழ ஏழு மணிநேரம் ஈரமாயிருந்தால் தொற்றிக்கொள்ளும். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எரித்து, நீரை மண்ணில் மட்டும் ஊற்றி, சாடியைத் தாழ்வாரத்தின் காற்றோட்டமான ஓரத்துக்கு நகர்த்துவது எந்தத் தெளிப்புக்கும் முந்திச் செய்யவேண்டியது. சாடியில் வளர்ப்போருக்கு மட்டும் வாய்த்த வசதியும் அதுவே.