மதுரை கோயில் வீதியில் பென்ட்ஹவுஸ் வாடகைக்கு என்று யாராவது சொன்னால் உஷார்: 1,80,000 ரூபாய் போச்சு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். முந்தாநாள் ராத்திரி வரை அது மதுரையில் எங்கள் வீட்டுக்கான அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு வீடே இல்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுதுவது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா நெருங்குகிறது, வெளியூரிலிருந்து வீடு தேடுபவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால்தான் ஆறப்போடாமல் எழுதுகிறேன். என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகப் போடுகிறேன்.

நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம். அப்பா பிறந்து வளர்ந்தது மதுரை காக்காத்தோப்புத் தெரு. அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். கோபுரம் தெரிகிற இடத்தில் ஒரு வருஷமாவது இருந்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு முட்டி வலி, லிஃப்ட் இல்லாமல் முடியாது. கட்டில், ஃப்ரிட்ஜ், ஏ.சி. எல்லாம் இருக்கிற வீடாகப் பார்த்தால் சாமான் ஏற்றி இறக்கும் அலைச்சலும் இல்லை. வீடு வாடகைக்குத் தேடும் பெரிய செயலி ஒன்றில் அப்படி ஒன்று வந்தது. தெற்கு ஆவணி மூல வீதி, ஏழாவது மாடி, பென்ட்ஹவுஸ், மூன்று பெட்ரூம், தேக்குக் கட்டில், மொட்டைமாடித் தோட்டம், கோயிலுக்கு நடந்து போகிற தூரம். மாத வாடகை 45,000. பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை டிக்.

பேசிய ஆள் தன்னை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் என்று சொன்னான். குரல் அவ்வளவு பணிவு. எடுத்த எடுப்பிலேயே "அக்கா" என்றான். "உங்க சொந்தக்காரங்க யாராச்சும் மதுரையில இருந்தா அனுப்பிவிடுங்கக்கா, தாராளமா வந்து பாக்கட்டும்" என்று அவனே சொன்னான். திருமங்கலத்தில் இருக்கும் சித்தப்பா கிளம்பத் தயாரானபோது, இப்போது குடியிருப்பவர்கள் பூட்டிவிட்டுத் திருப்பதி போயிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, இன்னொரு பார்ட்டி முழுப் பணத்தோடு நிற்கிறது என்று மெசேஜ் வந்துவிட்டது.

இதற்கு நடுவில் அந்த வீடியோ கால். சாயங்கால நேரம். மொட்டைமாடியில் நின்றுகொண்டு போனைத் திருப்பிக் கோபுரத்தைக் காட்டினான். கீழே எங்கிருந்தோ நாதஸ்வரம் கேட்டது. அப்பா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். அவன் சட்டைப் பையிலிருந்து தாழம்பூ குங்குமப் பொட்டலத்தை எடுத்துக் காட்டி, "ஐயா, இப்பத்தான் அம்மனைப் பாத்துட்டு வர்றேன், நீங்க வந்ததும் முதல் நாள் நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அப்பா கண் கலங்கிவிட்டார். எழுபத்து நாலு வயது மனிதரிடம் சாமி பேரைச் சொல்லி இப்படி ஒரு வேலை செய்திருக்கிறான். பணத்தைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சாதாரணம். இவன் மூன்று மாதம்தான் கேட்டான். "2017 சட்டப்படி மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாதுக்கா, எங்க ஓனரம்மா ரொம்பக் கரெக்ட். ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்துல பதிவு பண்ணி நம்பர் அனுப்புறேன்" என்றான். வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத வரை தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. சட்டத்தைச் சரியாகச் சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அட்வான்ஸ் 1,35,000, முதல் மாதம் 45,000, ஆக 1,80,000. யு.பி.ஐ.யில் ஒரே நாளில் போகாது என்பதால் ஒரு லட்சம், மறுநாள் எண்பதாயிரம். பணம் போகும் பெயர் வேறாக இருக்கிறதே என்று கேட்டேன். "ஓனரம்மா மருமகன் அக்கவுண்ட்டுக்கா, அம்மாவுக்கு இந்த ஆப்பெல்லாம் தெரியாது" என்றான். நூறு ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தத்தின் போட்டோ வந்தது. பதிவு நம்பர் மட்டும் வரவே இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது சாக்கு. பெயிண்டிங் நடக்கிறது. லிஃப்ட் சர்வீஸ். ஓனரம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒவ்வொரு முறையும் "பாத்துக்கிருவோம்க்கா, நீங்க வந்துருங்க, சாவி கையில குடுத்துர்றேன்." முந்தாநாள் காரில் அப்பாவையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். திண்டுக்கல் தாண்டும்போதுகூடப் போனில் பேசினான். மதுரைக்குள் நுழைந்ததும் போன் ஸ்விட்ச் ஆஃப்.

அவன் கொடுத்த கதவிலக்கத்தில் இருந்தது நகைப் பட்டறை. ஆள் ஒருவர் ஒருக்களித்து ஏறுகிற அளவுக்குத்தான் மாடிப்படி, லிஃப்டாவது ஒன்றாவது. மேலே ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்த பத்தர் ஒருவர் இறங்கி வந்தார். "ஏழாவது மாடியா? இங்க ஏதும்மா ஏழு மாடி? கோயில் மதில்ல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள ஒம்போது மீட்டருக்கு மேல கட்ட விட மாட்டாங்கம்மா" என்றார். கோபுரங்கள் மறைந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட அரசாணை அது. ஒன்பது மீட்டர் என்றால் தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி, அவ்வளவுதான். அதைவிட உயரமான பழைய கட்டடங்கள் அங்கங்கே உண்டு, ஆனால் புதுப் பளபளப்போடு ஏழாவது மாடி பென்ட்ஹவுஸ் எங்கிருந்து வரும்? 'சரிபார்க்கப்பட்டது' என்று டிக் போட்ட செயலிக்காரர்கள் அந்தத் தெருவில் ஒரு தடவை தலையை நீட்டிப் பார்த்திருந்தால் போதும்.

அன்று ராத்திரி லாட்ஜ் அறையில் அப்பா தூங்கவில்லை. அவன் அனுப்பியிருந்த வீடியோ கிளிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "தெற்கு ஆவணி மூல வீதியில இருந்து பாத்தா தெற்குக் கோபுரம்தானம்மா முகத்துக்கு நேரா நிக்கணும்? இதுல மேலக் கோபுரம் முன்னாடி நிக்குது, தெற்குக் கோபுரம் வலது கை ஓரத்துல இருக்கு. இது கோயிலுக்கு மேற்குப் பக்கம் எடுத்தது." நாலு வெளிக்கோபுரத்தில் உயரமானது தெற்குக் கோபுரம், அதை அவர் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர். கிளிப்பின் ஓரத்தில் மடக்கி வைத்த பெரிய குடை ஒன்றும் எவர்சில்வர் தண்ணீர் ஜக்கும் தெரிகின்றன. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் லாட்ஜுகளின் மொட்டைமாடியில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற உணவகங்கள் இருக்கின்றன. காபி சாப்பிட ஏறுகிற யாரும் அங்கே நின்று படம் எடுக்கலாம். அப்படி எடுத்த ஒன்றுக்குத்தான் எங்கள் 1,80,000 போயிருக்கிறது.

நேற்று முழுக்க அலைந்தோம். செயலியின் வாடிக்கையாளர் சேவையில் முதலில் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு மெசேஜ். அரை மணி நேரத்தில் இன்னொன்று: விளம்பரம் நீக்கப்பட்டுவிட்டது, எனவே உங்கள் புகார் முடித்து வைக்கப்படுகிறது. என் பணம்? "உரிமையாளருக்கும் உங்களுக்கும் இடையிலான பரிவர்த்தனைக்கு நாங்கள் பொறுப்பல்ல." அந்தப் பச்சை டிக்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். போன் நம்பரைச் சரிபார்த்ததாம். அந்த ஆளின் போன் நம்பர் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு டிக், அதை வீட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போடுவார்களாம்! வங்கியில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஸ்டேஷனில் இருந்தவர் புகாரை வாங்காமல் "நேர்ல பாக்காம எதுக்கும்மா போட்டீங்க" என்று அப்பா முன்னாலேயே கேட்டார். எழுபத்து நாலு வயது மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஏமாற்றியவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, கேள்வியெல்லாம் எங்களுக்குத்தான்.

சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டோம், அதற்கான இணையதளத்திலும் போட்டாயிற்று. பணம் போய் நாளாகிவிட்டதால் அந்தக் கணக்கில் இப்போது என்ன மிஞ்சியிருக்கும் என்பதே கேள்வி. ஒரு லட்சத்து எண்பதாயிரம். அப்பா தன் பென்ஷன் சேமிப்பிலிருந்து பாதி கொடுத்திருந்தார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஐந்தாவது மாடி, ஏழாவது மாடி என்றாலே பேச்சை நிறுத்துங்கள். ஈ.பி. நம்பரை வாங்கி, பில் கட்டும் ஆப்பில் போட்டுப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கக் காசு இல்லை. பதிவு நம்பர் வராமல், வீட்டுக்குள் உங்கள் ஆள் யாராவது காலடி வைக்காமல் ஒரு ரூபாய் போடாதீர்கள். பணம் போய்விட்டால் வேறெங்கும் அலையாமல் அந்த நிமிஷமே 1930.

இன்று காலை அதே செயலியில் அதே படங்கள், அதே தேக்குக் கட்டில், அதே குடை. இப்போது மேலமாசி வீதி என்று போட்டிருக்கிறான், வாடகை 40,000. பச்சை டிக்கும் இருக்கிறது. யாராவது இவனிடம் பேசிக்கொண்டிருந்தால் இப்போதே நிறுத்துங்கள், பணம் போட்டிருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.