ஹெட் கெஸ்கட் போனதா இல்லையா? பிரஷர் டெஸ்டரும் பிளாக் டெஸ்டரும்: பல வருடப் பாவனை அனுபவம்

எஞ்சின் ஒருமுறை கொதித்து நின்றால் எங்கள் பக்கம் உடனே வரும் தீர்ப்பு, "ஹெட் கெஸ்கட் போயிட்டு, ஹெட்டை இறக்கத்தான் வேணும்" என்பதுதான். ஹெட் என்பது எஞ்சின் பிளாக்கின் மேல் மூடி, கெஸ்கட் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு. சில வேளை அந்தத் தீர்ப்பு சரி. சில வேளை ரேடியேற்றர் மூடியோ, ஹோஸ் கிளிப்போ, தண்ணிப் பம்போ செய்த வேலைக்கு ஹெட்டை இறக்கிவிடுகிறோம். இறக்கிய பிறகு கெஸ்கட் நல்லாக இருந்தாலும் புதிது வாங்கித்தான் ஆக வேண்டும், கூலி வேறு. அதனால் ஹெட் போல்ட்டில் கை வைக்குமுன் செய்யக்கூடிய இரண்டு சோதனைகளைப் பற்றி எழுதுகிறேன். இரண்டுக்குமான கருவிகள் பல வருடமாக என்னிடம் இருக்கின்றன.

வாகனம் டவுன்ஏஸ் வான், 2சி டீசல் எஞ்சின், 1974 சிசி. களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று சமதரையில் ஓடும்வரை சூட்டு முள் நடுவைத் தாண்டாது. செங்கலடியால் ஏறி மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை கடந்து லுணுகலை ஏற்றம் தொடங்கும் இடத்தில்தான் கூலிங்கின் உண்மை நிலை தெரியும். அந்த ஏற்றத்தில் கீழ் ஹோஸ் வெடித்து எங்கள் வான் கொதித்தது. அப்போது நடந்த ஒன்றை வாகனம் ஓட்டும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: தண்ணி போனவுடன் மேலே ஏறிய முள் திரும்பக் கீழே இறங்கியது. சென்சரைச் சுற்றித் தண்ணி இல்லையென்றால் அது எஞ்சினின் சூட்டைச் சரியாகக் காட்டாது. முள் இறங்கிவிட்டது என்று தொடர்ந்து ஓடினால் எஞ்சினே மிஞ்சாது.

இந்த எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடேறினால் ஹெட் வளைகிறது, நடுவில் இருக்கும் கெஸ்கட் நசுங்குகிறது. எரியும் வாயு, தண்ணி, ஒயில் ஆகிய மூன்றையும் பிரித்து வைப்பது அந்த ஒரு தகடு. எது எதற்குள் கசிகிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். "வெள்ளைப் புகை வருதா?" என்ற ஒரு கேள்வியோடு முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

திரும்பி வந்து இரண்டு கராஜில் காட்டினோம். ஒரு பாஸ் ஹெட் வெடித்துவிட்டது என்றார். மற்றவர் ஒன்றுமில்லை, தேர்மோஸ்டற்றை (தண்ணி சூடாகும்வரை ரேடியேற்றருக்குப் போகாமல் மறிக்கும் வால்வை) கழற்றி எறிந்துவிட்டு ஓடு தம்பி என்றார். இரண்டு பேருமே எதையும் அளந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் கருவிகளை வாங்கினேன்.

பிரஷர் டெஸ்டர் என்பது மீற்றர் பூட்டிய சின்னக் கைப்பம்பு. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் வாயில் பூட்டி, மூடியில் எழுதியுள்ள அளவுக்கு, எங்கள் வானுக்கு 0.9 பார், அடித்துவிட்டுக் கால் மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரமே இல்லாமல் இறங்கினால் உள்ளே சிலிண்டருக்குப் போகிறதோ என்று சந்தேகிக்கலாம். மூடியையும் இதிலேயே சோதிக்கலாம். 0.9 அழுத்தம் நிற்கும்போது வெறும் தண்ணி சுமார் 118 பாகை வரை கொதிக்காது, மூடி பழுதானால் 100 பாகையிலேயே கொதிக்கும். அக்கம்பக்கத்தில் "கெஸ்கட் போயிட்டு" என்று கொண்டுவந்த வாகனங்களில் மூடியை மாற்றியதோடு சரியானவையும் உண்டு. செலவழித்த காசுக்கு மிகக் கூடிய பலன் தந்தது இந்தப் பம்புதான்.

பிளாக் டெஸ்டரில் நீல நிறத் திரவம் இருக்கும். ரேடியேற்றர் தண்ணிக்கு மேலே நிற்கும் காற்றை அதனூடாக உறிஞ்சினால், சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருக்கும் பட்சத்தில் அதிலுள்ள கரியமில வாயு நிறத்தை மாற்றிவிடும். பெட்ரோலுக்கு மஞ்சளாகும். டீசலில் அவ்வளவு தெளிவாக மாறாது, பச்சை படர்ந்தாலே கவனிக்க வேண்டும். ஐடிலில் டீசல் எஞ்சின் விடும் கரியமில வாயு மிகக் குறைவு. அதனால் தேர்மோஸ்டற் திறக்கும்வரை சூடாக்கி, ரேஸ் கொடுத்துப் பிடித்துப் பார்க்காவிட்டால் முடிவு பொய்யாக வரும். தண்ணி மட்டத்தையும் கொஞ்சம் இறக்க வேண்டும், திரவத்துக்குள் கூலன்ட் ஏறினால் அது வீண். இறக்குவதற்கு எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைக் கழற்றுங்கள். சூட்டில் திறப்பது உயிராபத்து.

எங்கள் வானில் ஆறிய நிலையில் பிரஷர் நன்றாகவே நின்றது. ஐடிலில் நீலமும் மாறவில்லை. ரேஸில் பிடித்தபோது பச்சையானது. அதோடு காலையில் ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்திலேயே, தண்ணி சூடாகுமுன், மேல் ஹோஸ் கல்லாக இறுகியது. ரிசர்வ் போத்தலில் குமிழும் நிற்காமல் வந்தது. தண்ணி மாற்றிய பின் அடைபட்ட காற்றும் குமிழாக வரும்தான், ஆனால் அது கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். கடைசியாகக் கம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும் அழுத்தம், பார்த்தோம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்து குறைவு, அதாவது இரண்டுக்கும் இடையில் கெஸ்கட் எரிந்திருக்கிறது. இதற்கு டீசல் மீற்றர்தான் வேண்டும், பெட்ரோல் மீற்றர் இந்த அழுத்தத்தைத் தாங்காது.

அதற்குப் பிறகுதான் ஹெட்டை இறக்கினோம். லேத்தில் நேர்விளிம்பு வைத்துப் பார்க்காமலும், வெடிப்புக்கு அழுத்தச் சோதனை செய்யாமலும் புதுக் கெஸ்கட் போட விடாதீர்கள். பல டீசல் எஞ்சின்களுக்குக் கெஸ்கட் வேறு வேறு தடிப்பில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எழும்புகிறது என்று அளந்துதான் தெரிய வேண்டும். கடையில் கையில் கிடைத்ததைப் போடக் கூடாது.

ஏமாற்றும் அறிகுறிகளும் உண்டு. மார்கழி மழைக் காலத்தில் காலையில் வரும் கொஞ்ச வெள்ளைப் புகை வெறும் நீராவியாக இருக்கலாம். கிட்டத்து ஓட்டம் மட்டும் ஓடும் வாகனத்தில் ஒயில் மூடிக்குக் கீழே தயிர் மாதிரிப் படிவதும் ஈரத்தால் வரும். டிப்ஸ்டிக்கில் ஒயிலே பால்நிறமாக இருந்தால்தான் விஷயம் பெரிது.

கருவிகளின் நிலை: பம்பின் ரப்பர் வாஷர் எங்கள் வெயிலுக்கு இறுகிவிடும். மாற்றாவிட்டால் பம்பே கசிந்து நல்ல எஞ்சினைக் குற்றவாளியாக்கும். நீலத் திரவத்தை வானுக்குள் வைக்காமல் வீட்டில் இருட்டான இடத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுத்து அதற்குள் மூச்சு ஊதிப் பார்ப்பேன். நம் மூச்சுக்கே நிறம் மாறும், மாறாவிட்டால் திரவம் செத்துவிட்டது. ஒரு வான் மட்டும் வைத்திருப்பவருக்கு பிளாக் டெஸ்டர் அவசியமில்லை, நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் போதும். பம்பு எல்லோரிடமும் இருக்கட்டும்.

தேர்மோஸ்டற் எங்கள் வானில் இன்றும் இருக்கிறது. ஊர்க் கிணற்று உப்புத் தண்ணியை ஊற்றுவதை நிறுத்திக் கூலன்டுக்கு மாறிவிட்டோம், உப்பு அலுமினியத்தை அரிக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், கதிர்காமம் ஹயருக்கு வெளிக்கிடுவதற்கு முந்தின மாலை பம்பைப் பூட்டிக் கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை ஏற்றச் சம்மதிக்கிறேன்.